வீட்டுக்கு ஆகாத அவரை

1

எங்களுக்குக் கீழ் வீடு கிடைத்துவிட்டது. ஊரில் இருப்பவர்களுக்கு இது ஒரு செய்தியாகவே தோன்றாது. சிரம்பான் ரயில்வே குவாட்டர்ஸில் பன்னிரண்டு வருஷம் மாடியில் குடியிருந்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். மாடியில் துணி காயப்போட ஒரு கம்பி, கறிவேப்பிலை வைக்க ஒரு மண்ணெண்ணெய் டின், அவ்வளவுதான் என் நிலபுலன். அந்தக் கறிவேப்பிலைக்கு ஊற்றிய தண்ணீர் கீழே சொட்டுகிறது என்று யாரோ ஆபீசுக்கு எழுதிப்போட, ஒரு சிப்பந்தி வந்து பார்த்துவிட்டு எடுக்கச் சொல்லிப் போனான். ஒரு டின் கறிவேப்பிலைக்கு கவர்மெண்டு கடிதம் வாங்கியவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

இப்போது அப்படியில்லை. சமையலறைக் கதவைத் திறந்தால் மண். நல்ல செம்மண், வேலி வரைக்கும் நமக்கே. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது என்ன காய் போடலாம் என்ற பேச்சு வந்தது.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் குமாஸ்தா. இந்த ஊர்ப் பேச்சில் கிராணி. எதையும் ரெண்டு வரியில் முடித்துவிடுவார். “கத்தரி, வெண்டை. ஓரமாக் கொஞ்சம் கீரை. போதும்” என்றார். மகள் வள்ளிக்குப் பதினோரு வயது. அவளுக்குத் தக்காளியும் வெள்ளரிக்காயும் வேண்டுமாம், பள்ளிக்கூடத்துக்கு ரொட்டியில் வைத்துக் கொண்டுபோக. சின்னவன் ஒன்றுமே போட வேண்டாம், பந்து அடிக்க இடம் இருக்கட்டும் என்றான்.

“ஒரு மூலையில அவரை போடுதேன்” என்றேன் நான்.

அவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. “அது இங்கன வராது” என்றார்.

வராதாம்! தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கூலி லைனில் வீட்டுக்கு வீடு அவரை கூரையேறிக் கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் அவர் ஆபீசுக்குப் போகிறார். மோரை ஊற்றிவிட்டு எழுந்தேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவரைக்காய் சாப்பிடாமல் எனக்கு நாக்குச் செத்துப்போகவில்லை. பாசாரில் கூடை கூடையாகக் கிடக்கிறது, வாங்கி ஆக்கித்தான் சாப்பிடுகிறோம். எனக்கு வேண்டியது அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை. “போடேன், அதனால என்ன?” என்று அவர் சொல்ல வேண்டும். பதினாலு வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்குக் காத்துக் கிடக்கிறேன்.

2

நான் பிறந்தது இலஞ்சி. வாழ்க்கைப்பட்டது மேலகரம். நடந்தால் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற தூரம். இவ்வளவு பக்கத்தில் கொடுத்தால் சண்டை வந்தால் உடனே ஓடிவந்துவிடுவாள் என்று எங்கள் அப்பாவைக் கேலி செய்தவர்கள் உண்டு. வைகாசியில் கலியாணம். ஆடிக்கு வழக்கம்போல் என்னை இலஞ்சிக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். ஆடி கழியப்போகிற சமயம் திரும்பி வரும்போது, அம்மா ஒரு துணியில் அவரை விதையை முடிந்து கொடுத்தாள். எங்கள் வீட்டு அவரை. பட்டையாக, நரம்பு ஓரத்தில் மட்டும் சிவப்பு ஓடியிருக்கும்.

கிணற்றடியில் போடட்டுமா என்று மாமியாரைக் கேட்டேன். நான் அத்தை என்று கூப்பிடுவேன். “எங்கன வேணுமின்னாலும் போடு. கேக்கணுமா?” என்றாள். இதை அழுத்திச் சொல்கிறேன். கேட்டுத்தான் போட்டேன்.

மாமனார் எங்கள் கலியாணத்துக்கு முன்னாலேயே போய்விட்டார். வீட்டில் அத்தை, மூத்த பிள்ளையான இவர், இவருக்கு இளையவன் சங்கரன். சங்கரனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு, தெரிந்த ஆபீசுக்கெல்லாம் மனுப் போட்டுக்கொண்டிருந்தான். வாய் ஓயாது. என்னை மதினி, மதினி என்று சுற்றிவருவான். கொடி பற்றுக்கம்பு தேடித் தலையாட்ட ஆரம்பித்ததும், “மதினி, பந்தல் எம் பொறுப்பு” என்றான். குற்றால சீசன் முடிந்து ஐந்தருவியில் கடை போட்டவர்கள் கொட்டகையைப் பிரிக்கிற நேரம் அது. கழிகளைச் சுமந்துகொண்டு போக மனமில்லாமல் வந்த விலைக்குத் தள்ளுவார்கள். இவன் ஒரு வாடகை சைக்கிளில் மூங்கில் கழிகளைக் கட்டி, பாதை முழுக்க ஆட்களை விலகச் சொல்லிக் கத்திக்கொண்டே கொண்டுவந்து சேர்த்தான். ஒரு கழியில் இன்னும் முறுக்குக் கடைப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

கொடி ஏறியது பாருங்கள், அப்படி ஓர் ஏற்றம். மார்கழியில் பந்தல் முழுக்கப் பூ. “இலஞ்சிக்காரவுக அவரைக்கு என்ன கொழுப்பு!” என்பான் சங்கரன். தினம் ஒரு விதமாக ஆக்கினேன். பொரியல், பருப்புப் போட்டுக் கூட்டு, புளிக்குழம்பு. அத்தை மடியில் காயை அள்ளிக்கொண்டு தெருவில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்தாள். “எம் மருமக போட்டது” என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். என் காதால் கேட்டிருக்கிறேன்.

மார்கழிக் கடைசியில் சங்கரனுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் கஷாயம். பிறகு தென்காசியில் ஒரு டாக்டர். அவர் பார்த்துவிட்டு, இது வயிற்றுக் காய்ச்சல், டைபாய்டு, இங்கே வைத்துக்கொண்டிருக்காதீர்கள், திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்று சொன்னார். நான் கூடவே நின்றேன். பொங்கலுக்கு ரெண்டு நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார்: “நாளும் கெழமையுமா ஆளை வீட்டை விட்டுக் கெளப்பணுமா? பொங்கல் கழியட்டும்.”

“சாயந்தரம் ரயில் இருக்குல்லா. இன்னைக்கே போயிருவோமே” என்றேன்.

“வந்து ஒரு வருசம் ஆகல, நீ ரோசனை சொல்ல வந்துட்டியா? சும்மா கெட” என்றார்.

கெடந்தேன். பொங்கல் வந்தது. அடுத்த நாள் மாட்டுப் பொங்கல். அதற்கடுத்து கரிநாள், கரிநாளில் யாரும் பயணம் புறப்படக் கூடாது என்றார் இவர். அதுவும் கழிந்து ரயிலேற்றிக் கொண்டுபோனபோது சங்கரனுக்கு நினைவு தப்பியிருந்தது. அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, இத்தனை நாள் வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்பதுதானாம். கூடப்போன இவருடைய சித்தப்பா வந்து சொன்னார். சங்கரன் உயிரோடு திரும்பவில்லை.

3

துட்டி கேட்க வந்த கூட்டத்தில் தெற்குத் தெரு சொர்ணத்தாச்சி வந்தாள். மாமனாருக்கு ஏதோ வழியில் சொந்தம். அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏட்டி, இது என்ன வீட்டுக்குள்ள அவரைப் பந்தலு? இந்தக் குடும்பத்துக்கு அவரை ஆகாதுல்லா! ஒம் மாமனாருக்கு அண்ணன் செத்த வருசமும் இப்படித்தான் சடைசடையாக் காய்ச்சுத் தொங்கிச்சு. ஆளைக் கேக்காம விடுமா அது?”

அத்தையின் அழுகை சட்டென்று நின்றது. பெண்டுகள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அத்தை மெதுவாகச் சொன்னாள்: “எனக்கு யாரும் சொல்லலியே. இவ இலஞ்சியிலேருந்து கொண்டாந்து வச்சா.”

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று எல்லோரும் சொல்கிறோம். நம் வீட்டில் பழம் விழுந்தால் மட்டும் காக்கையைத் தேடிப் பிடித்துக் கழுத்தைத் திருகுகிறோம். அந்தக் குடும்பத்துக்கு அவரை ஆகாது என்பது அதுவரை ஒருவருக்கும் தெரியாது. சொர்ணத்தாச்சிக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மார்கழி பூரா வந்து முந்தானை நிறைய வாங்கிக்கொண்டு போயிருப்பாளா? “இன்னும் ரெண்டு போடுட்டி, எம் மருமகனுக்கு அவரைன்னா உசிரு” என்று கேட்டு வாங்கியவள்தான் அவள். விலக்கு ஒன்று என் கண்ணெதிரே, கிணற்றடியில், முகம் கழுவப்போன இடத்தில் பிறந்தது. சாயந்தரத்துக்குள் அதற்கு நூறு வயது ஆகிவிட்டது.

இவர் என்ன செய்தார் தெரியுமா? அரிவாளை எடுத்து வந்து கொடியைத் தூரோடு வெட்டினார். கூட்டத்தின் வாயை அடைக்கத்தான் செய்கிறார், ராத்திரிக்குள் என்னிடம் ஆறுதலாக ஒன்று சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறவரிடம் எதைக் கேட்க என்று நானும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு என் கை ஆகாத கையாகிவிட்டது. கலியாண வீட்டுக்குப் போனால் சந்தனக் கிண்ணத்தை எனக்கு முன்னால் நிற்பவளிடம் நீட்டுவார்கள், எனக்குப் பின்னால் நிற்பவளிடம் நீட்டுவார்கள். நாற்றுப் பாவுகிற அன்றைக்கு “நீ உள்ள இரு தாயி” என்று அன்பாகவே சொல்லுவாள் அத்தை. அந்த அன்புதான் தாங்க முடியாதது. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். இலஞ்சியில் என் அம்மாகூட ஒருநாள், “கொண்டு போகாம இருந்திருக்கலாம்ட்டி” என்றாள். கொடுத்தவளே அப்படிச் சொன்ன பிறகு நான் யாரிடம் போய் முறையிட?

ஆனால் தென்காசிச் சந்தையிலிருந்து அவரைக்காய் வாங்கி வருவது மட்டும் நிற்கவில்லை. வாங்கித் தின்றால் ஆகும். வீட்டில் முளைத்தால்தான் ஆகாதாம்.

இவருக்கு அப்போது ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு வேலை. மலாயாவில் ரயில்வேயில் இருந்த ஒரு சொந்தக்காரர் மூலமாக இங்கே வர ஏற்பாடு செய்தார். மலாயாக்காரன் சீக்கிரம் வெளியாட்களுக்குக் கதவைச் சாத்தப்போகிறான் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த காலம், அவசர அவசரமாகப் புறப்பட்டோம். நான் அப்போது வள்ளியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, அதனால்தான் என்னை ஊரைவிட்டே கொண்டுபோகிறார் என்று நம்பினேன். கப்பலில் வாந்தி எடுத்து எடுத்துக் குடல் வெளியே வருகிற மாதிரி இருக்கும். அதற்கு நடுவிலும் இவரை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே வந்தேன். என்ன முட்டாள் பாருங்கள்.

4

இங்கே என் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டு ஊரிலிருந்து கடிதம் வருகிறது. அப்படி ஒன்றும் சினிமாவாக இல்லை. காலையில் அவருக்கு டிபன் கட்ட வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ள வேண்டும். பிறகு பாசார். வந்த புதிதில் உருளைக்கிழங்கு வாங்கப் போய், மலாய்க்காரியிடம் கிழங்கு என்ற அர்த்தத்தில் தைரியமாக “ஊபி” என்றேன். அவள் முழங்கை நீள மரவள்ளிக் கிழங்கை எடுத்துக் கூடையில் போட்டாள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கி வந்து ஒரு வாரம் அதையே அவித்துத் தின்றோம். இப்போது மலாயில் பேரம் பேசுவேன், சண்டையும் போடுவேன். ஆனால் ஆபீசு என்று வந்துவிட்டால் வாய் கட்டிப்போகிறது. அடையாள அட்டை எடுக்கப்போன இடத்தில் என் ஊர்ப் பேரை எழுதச் சொன்னார்கள். மேலகரம் என்றேன். அவன் அதை எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்தால் நான் ஏதோ சீனத்தில் பிறந்தவள் மாதிரி இருக்கிறது.

பிள்ளைகள் தமிழில் கேட்டதற்கு இங்கிலீஷில் பதில் சொல்கிறார்கள். வள்ளிக்குக் கத்தரிக்காய் என்றால் தெரோங். “அம்மா, இந்தத் தெரோங்குக்கு எதுக்கு இவ்வளவு தண்ணி?” என்று கேட்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. குற்றாலம் என்றால் அவளுக்குக் காலண்டரில் பார்த்த ஒரு படம், அவ்வளவுதான். சங்கரன் என்று ஒரு சித்தப்பா இருந்தான் என்பது தெரியும். எப்படிப் போனான் என்று ஒருநாள் கேட்டாள். “காய்ச்சல்ல” என்றார் இவர். நானும் “ஆமா” என்றேன்.

தோட்டத்தில் அவர் சொன்னபடி கத்தரியும் வெண்டையும் போட்டேன். இந்த ஊரில் ஆடிப்பட்டம், தைப்பட்டம் ஒன்றும் கிடையாது. தினம் மத்தியானம் மழை. எதை எப்போது போட்டாலும் முளைக்கிறது. ஊரில் என்றால் பஞ்சாங்கம் சொல்லும், பக்கத்து வீட்டுக்காரி சொல்லுவாள். இங்கே எதைப் போடுவது, எப்போது போடுவது என்பதெல்லாம் நம் தலையில். அது ஒரு நல்லதுதான் என்று எனக்குப் பட்டது. கத்தரி பூத்தது. வள்ளியின் தக்காளி பழுக்கும் முன்னால் அழுகியது. வேலியோரம் ஒரு மூலையை மட்டும் நான் சும்மாவே போட்டுவைத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

இலஞ்சியில் இருக்கிற என் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அம்மா போய்விட்டாள், ஆனால் அந்த அவரை இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது. கொஞ்சம் விதை அனுப்பு என்றேன். கூலி லைனில் கேட்டால் ஒரு கை அள்ளிக் கொடுப்பார்கள், வாஸ்தவம்தான். ஆனால் எந்த விதைமேல் பழி விழுந்ததோ அதே விதையைத்தான் என் வீட்டில் போட வேண்டும் என்று ஒரு வீம்பு.

5

தம்பி அனுப்பினான். ஆனால் மச்சான் பேருக்கு அனுப்பிவிட்டான். பொம்பிளை பேருக்கு யார் பார்சல் போடுகிறார்கள்? தபாலாபீசிலிருந்து சீட்டு வந்தது, பார்சலை நிறுத்தி வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள் என்று.

அவருக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று வள்ளியைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் ஜன்னலில் இருந்தவன் ரெண்டாம் ஜன்னலுக்குப் போகச் சொன்னான். ரெண்டாம் ஜன்னலில் இருந்தவன் சாப்பிடப் போயிருந்தான். வந்ததும், உள்ளே என்ன என்று கேட்டான். வள்ளி “பீன்ஸ்” என்றாள். என்ன பீன்ஸ் என்றான். “அம்மா, அவரைன்னா என்ன பீன்ஸ்?” என்று கேட்டாள் இவள். “அவரைன்னா அவரைதான்ட்டி” என்றேன். விதை, செடியெல்லாம் வெளியிலிருந்து வந்தால் அதிகாரி பார்த்து அனுமதிக்க வேண்டும், பேருக்கு உரியவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டான். நான் அவருடைய பெண்டாட்டி என்றேன். அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டான். கழுத்தில் கிடக்கிற தாலி அவனுக்கு அத்தாட்சியாகப் படவில்லை.

வேறு வழியில்லை. சாயந்தரம் காப்பியோடு சீட்டையும் அவர் முன்னால் வைத்தேன். “இலஞ்சியிலேருந்து அவரை விதை வந்திருக்கு” என்றேன்.

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காப்பியைக் குடித்து முடித்தார். “சரி, சனிக்கிழமை நான் போயி வாங்கிட்டு வாரேன்” என்றார்.

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! நான் அடுப்படிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பதினாலு வருஷக் காத்திருப்பு ஒரு காப்பியில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க நான் பாட்டுப் பாடாத குறைதான். இந்த வீட்டில் முன்னால் குடியிருந்தவர்கள் போட்டுவிட்டுப் போயிருந்த கம்புகளை வேலியோரம் கொண்டுபோய் வைத்தேன்.

சனிக்கிழமை வள்ளியையும் கூட்டிக்கொண்டு போனார். வெறுங்கையோடு வந்தார். “சட்டம் அப்படி. வெளியூர் வெதைய உள்ள விட மாட்டானாம். நெருப்புல போட்டுருவானாம்” என்றார்.

நான் அந்த ஜன்னல்காரனையும், அவனுக்கு மேலே இருக்கிற அதிகாரியையும், அவனுக்கு மேலே இருக்கிற கவர்மெண்டையும் திட்டாத திட்டில்லை. ஒரு பிடி விதையில் இவன் நாடு முழுகிப்போகுமா? துணி துவைக்கும்போது திட்டினேன், பாத்திரம் விளக்கும்போது திட்டினேன். அவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

மறு ஞாயிற்றுக்கிழமை வள்ளிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அப்போதும் வாய் ஓயவில்லை. “மூதி, எழவெடுத்த ஆபீசர். அவன் கையில கட்டை மொளைக்க” என்றேன்.

“அவரை ஏம்மா திட்டுறீங்க? அவரு நல்லவரு” என்றாள் வள்ளி.

“என்ன நல்லவரு?”

“அவரு பாத்துட்டு ஓகே சொன்னாரும்மா. பூச்சி இல்ல, சைன் வச்சிட்டு எடுத்துக்கங்கன்னாரு. அப்பாதான் ‘தக் பாயா’ன்னு சொன்னாங்க. வேணாம், எரிச்சிடுங்கன்னு. நான் எதுக்குப்பான்னு கேட்டேன். மண்ணு கெட்டுப்போயிரும், அம்மாகிட்ட சொல்லாதன்னாங்க.”

சீப்பு கையில் அப்படியே நின்றது. பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டேன். “போ, தம்பியைக் கூட்டிக்கிட்டு வெளையாடப் போ” என்றேன்.

6

அவர் பின்னால் கத்தரிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். போய் முன்னால் நின்றேன்.

“ஆபீசர் குடுக்கேன்னு சொன்னானாமே” என்றேன்.

கை நின்றது. தலை நிமிரவில்லை. “பிள்ளைக இருக்கு கோமதி. அந்தச் சவத்த எதுக்கு மறுபடியும்?” என்றார்.

“அப்ப நீங்களும் நம்புதீயளா? எங் கையாலதான் போச்சுன்னு?”

“நம்பல.”

“நம்பாதவுக எதுக்கு எரிக்கச் சொன்னிய?”

அவர் இன்னொரு களையைப் பிடுங்கி வீசினார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தப் பதினாலு வருஷத்தில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டேன். சங்கரன் செத்ததே போதும், இதையும் கேட்டு இவரை ஏன் நோகடிக்க வேண்டும் என்று நான் தொண்டைக்குள் வைத்திருந்தது அது.

“பொங்கல் கழியட்டும்னு சொன்னது யாரு? கரிநாள்ல கெளம்பக் கூடாதுன்னு சொன்னது யாரு? சாயந்தரம் ரயில் இருக்குன்னு நான் சொன்னதுக்கு, சும்மா கெடன்னது யாரு?”

அவர் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். வேட்டியெல்லாம் மண்.

“நான்தான்” என்றார். “எனக்குத் தெரியாதா? அன்னைக்கு அம்மா என்னத்தான் கேப்பா, எம் பிள்ளையக் கொன்னுட்டியேலேன்னு எல்லாரு முன்னாலயும் கேப்பான்னு மூலையில போயி நின்னேன். சொர்ணத்தாச்சி அவரைன்னு சொன்னா. அம்மா திரும்பி ஒன்னப் பாத்தா. அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துது, கோமதி.”

அவர் ஒரு கை மண்ணை அள்ளி உதிர்த்தார்.

“அந்தக் கொடி இங்கன மொளச்சுதுன்னா, தெனமும் பின்வாசலத் தெறந்தா அதுல்லா நிக்கும். என்னால முடியாது” என்றார்.

“ஒங்களுக்கு மூச்சு வந்துது. எனக்கு?” என்றேன்.

“நீ தாங்குவேன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஊரில் சொல்லுவார்கள். பழி ஏற்றவளும் பாவம் செய்தவரும் ஒரே வீட்டில், ஒரே இலையில் ஒருவர் மிச்சத்தை ஒருவர் சாப்பிட்டுக்கொண்டு, பதினாலு வருஷம் இருந்திருக்கிறோம். இவர் என்னைக் காப்பாற்றக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார் என்று நான் கும்பிட்டேன். இவர் தன் அம்மா முகத்தில் விழிக்க முடியாமல் ஓடிவந்திருக்கிறார், மூட்டை முடிச்சோடு நானும் வந்திருக்கிறேன். தப்புச் செய்தார் என்றுகூட நான் சொல்லவில்லை. டைபாய்டு அன்றைக்கே ரயிலேற்றினாலும் கொண்டுபோயிருக்கலாம், யார் கண்டது? என் பிள்ளைகளுக்குத் தகப்பன், சம்பளக் கவரைப் பிரிக்காமல் கையில் கொடுக்கிறவர். ஆனால் அந்தக் கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தபோது, “அவளை ஒண்ணும் சொல்லாதிய” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு முடியாவிட்டால் கப்பலில் சொல்லியிருக்கலாம். மாடி வீட்டில் சொல்லியிருக்கலாம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்து போனது!

மறுநாள் கூலி லைனுக்குப் போய் ஒரு கை விதை வாங்கி வந்து வேலியோரம் ஊன்றினேன். எந்த வீட்டு விதையாக இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. அவர் ஜன்னலில் நின்று பார்த்தார். இப்போது கொடி என் இடுப்பு உயரம் வந்துவிட்டது. அவர் பின்பக்கம் வருவதை விட்டுவிட்டார், ஆபீசுக்கு முன்வாசல் வழியாகவே போய் வருகிறார்.

போன வாரம் அவரிடம் சொன்னேன்: “அத்தைக்கு எழுதுங்க. நடந்தது இதுதான்னு ஒங்க கையால எழுதுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

“அம்மா இருக்குற வரைக்கும் வேண்டாம் கோமதி. அவ தாங்க மாட்டா” என்றார்.

நான் தாங்குவேன், அத்தை தாங்க மாட்டாள். நல்ல நியாயம்.

அத்தை நன்றாகத்தான் இருக்கிறாள் என்று ஊர்க் கடிதம் சொல்கிறது. தினமும் தென்காசிக் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாளாம், கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோர்க்கிறாளாம். நான் இதை எழுதி அனுப்புகிற இந்தப் பத்திரிகை அந்த வீட்டுக்கு மாதம் தவறாமல் வரும் என்பதும், மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு வரி விடாமல் அவள் வாசிப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். வாசிக்கட்டும்.